ஒற்றை நட்டு – 5: காது அறுபட்ட கதை

சென்ற வாரம் பிரான்சின் டியெப் நகரத்தில் நிறுத்தியிருந்தோம். 1908 ஜூலை மாதம், பிரெஞ்சு கிராண்ட் ப்ரீ பந்தயம். இங்கிலாந்திலிருந்து வரவேண்டிய நேப்பியர் கார்கள் மட்டும் வரவில்லை. அந்தக் கார்களின் சக்கரம் செல்லாது என்று பிரெஞ்சு ஆட்டோமொபைல் கிளப் சொல்லிவிட்டது. நேப்பியரை முன்னின்று நடத்திய எஸ்.எஃப். எட்ஜ் கோபத்தில் பெயரை விலக்கிக்கொண்டார். எஞ்சினைப் பார்த்துத் தடை போடலாம், எடையைப் பார்த்துத் தடை போடலாம். ஒரு சக்கரத்தைப் பார்த்து ஏன் பயந்தார்கள்?

அந்தக் காலத்து டயர் எப்படி மாற்றப்பட்டது என்று தெரிந்தால்தான் இந்தப் பயம் புரியும். அப்போதைய கார்ச் சக்கரம் கிட்டத்தட்ட நம் மாட்டுவண்டிச் சக்கரம்தான்: மரக்குடம், மர ஆரங்கள், வெளியே ரப்பர். அது அச்சோடு நிலையாகப் பூட்டப்பட்டிருக்கும். பஞ்சரானால் சக்கரம் கழலாது. ஓட்டுநரும் மெக்கானிக்கும் சாலையோரத்தில் மண்டியிட்டு, டயரைக் கத்தியால் அறுத்தெடுத்து, புது டயரை நெம்பி ஏற்றி, பம்பு அடிக்க வேண்டும். கால் மணி நேரம் போய்விடும். 1906-ல் லே மான் நகரில் நடந்த முதல் கிராண்ட் ப்ரீயில் மிஷ்லின் நிறுவனம் இதற்கு ஒரு வழி கண்டது. டயரை ரிம்மோடு சேர்த்துக் கழற்றலாம். காற்றடைத்துத் தயாராக இருக்கும் இன்னொரு ரிம்மை மாட்டி, நட்டுகளை முடுக்கினால் போதும். நாலைந்து நிமிடத்துக்குள் வேலை முடியும். ரெனோ காரில் வந்த ஹங்கேரிக்காரர் ஃபெரென்ஸ் ஸிஸ் அந்தப் பந்தயத்தை வென்றதில் அந்த ரிம்முக்குப் பெரும் பங்கு உண்டு.

கோவென்ட்ரியில் ஜான் பியூ இதைவிட ஒரு படி மேலே போனார். ரிம்மை எதற்குக் கழற்ற வேண்டும்? சக்கரத்தையே கழற்றிவிட்டால் என்ன?

பியூ கார்க்காரர் அல்ல, சைக்கிள்காரர். அவருடைய ரட்ஜ்-விட்வொர்த் நிறுவனம் 1894-ல் இரண்டு சைக்கிள் கம்பெனிகள் இணைந்து பிறந்தது. அதில் ஒன்றுக்கு மூலவர் வோல்வர்ஹாம்ப்டனில் மதுக்கடை நடத்திக்கொண்டே சைக்கிள் செய்த டான் ரட்ஜ். மெல்லிய கம்பி எவ்வளவு பாரம் தாங்கும் என்று கோவென்ட்ரிச் சைக்கிள் பட்டறைகளுக்குத் தெரிந்திருந்தது. கார் செய்தவர்களுக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. வளைவில் கார் திரும்பும்போது சக்கரத்தைப் பக்கவாட்டில் ஒடிக்கப் பார்க்கும் விசை சைக்கிளுக்கு அதிகம் கிடையாது. பியூ அதற்காகக் கம்பிகளை மூன்று வரிசையாகக் கோர்த்தார். ஆனால் அவர் பெயரை நிலைக்கச் செய்தது கம்பி அல்ல, நடுவில் இருந்த குடம்.

காரின் அச்சில் ஓர் உள்குடம் நிரந்தரமாக இருக்கும். அதைச் சுற்றிலும் நீளவாக்கில் பற்கள். மெக்கானிக்குகள் ஸ்ப்ளைன் என்பார்கள். சக்கரத்தின் நடுவில் வெளிக்குடம். அதன் உட்புறத்தில் அதே அளவில் பற்கள். ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிச் சென்று பல்லோடு பல் கோர்த்துக்கொள்ளும். எஞ்சினின் இழுப்பையும் பிரேக்கின் பிடிப்பையும் தாங்குவது இந்தப் பற்களே. சக்கரம் வெளியே நழுவாமல் காக்க நட்டநடுவே ஒரே ஒரு நட்டு. அதற்கு இரண்டு காதுகள். செம்புச் சுத்தியலால் காதில் நாலு போடு போட்டால் நட்டு சுழன்று கையோடு வந்துவிடும்.

ஒரே நட்டை நம்பி எப்படி ஓடுவது என்று கேட்கத் தோன்றும். நட்டின் உட்புறம் கூம்பாகக் கடையப்பட்டிருக்கும். அது சக்கரத்தின் கூம்போடு அழுந்தி உட்காரும். வண்டி ஓடும்போது பாரம் ஒரு பக்கமாக அழுத்த, இரண்டு கூம்புகளும் மயிரிழை அளவு ஒன்றன்மேல் ஒன்று உருண்டு நகரும். அந்த உருளல் நட்டை ஒரே திசையில் தள்ளிக்கொண்டே இருக்கும். மரையின் திசையைச் சரியாக வைத்தால் வண்டி ஓட ஓட நட்டு இறுகும். அதனால்தான் காரின் இடப்பக்கத்துக்கு வலமரை, வலப்பக்கத்துக்கு இடமரை. பக்கம் மாற்றி மாட்டினால் இதே விசை, போகப் போக நட்டைக் கழற்றிக் கையில் கொடுத்துவிடும். இந்த இடத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

டியெப்புக்குத் திரும்புவோம். 1908 விதிப்படி கழற்றும் ரிம்முக்கு அனுமதி உண்டு, கழற்றும் சக்கரத்துக்கு இல்லை. நேப்பியரில் இருந்தது பியூவின் சக்கரம். ரிம் பிரெஞ்சுக்காரர் செய்தது, சக்கரம் ஆங்கிலேயர் செய்தது. காரணத்தை இதற்கு மேல் தேட வேண்டியதில்லை என்பது என் எண்ணம். ஆனால் ஆங்கிலேயரை வாசலில் நிறுத்தியும் பலன் இல்லை. மெர்சிடஸில் வந்த லாட்டன்ஷ்லாகர் முதலிடம், பென்ஸ் கார்கள் இரண்டாமிடமும் மூன்றாமிடமும். மூன்று இடங்களும் ஜெர்மன் கார்களுக்கு. அந்த அவமானத்தில் அடுத்த மூன்று ஆண்டுகள் பிரெஞ்சுக்காரர்கள் கிராண்ட் ப்ரீயே நடத்தவில்லை.

1912-ல் மறுபடியும் அதே டியெப். இந்த முறை ஜோர்ஜ் புவாலோ ஓட்டிய பெஜோ வென்றது. சுத்தமான பிரெஞ்சுக் கார், பிரெஞ்சு ஓட்டுநர். ஊரே கொண்டாடியது. அந்தப் பெஜோவின் நான்கு மூலையிலும் இருந்தவை ரட்ஜ்-விட்வொர்த் கம்பிச் சக்கரங்கள்!

அதன்பின் நடந்தவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். கோவென்ட்ரியிலேயே ரைலி நிறுவனம் போட்டிக்குக் கழற்றும் சக்கரம் விற்றது. 1922-ல் மிலானில் கார்லோ பொர்ரானி ரட்ஜிடம் உரிமம் வாங்கிச் செய்யத் தொடங்கினார். ஆல்ஃபா ரோமியோவும் பிற்காலத்தில் ஃபெராரியும் ஓடியது அவர் சக்கரத்தில். தாய் நிறுவனம் மட்டும் தேயத் தொடங்கியது. 1930-களில் கடனில் மூழ்கி, இசைத்தட்டு வியாபாரம் செய்த இ.எம்.ஐ. கைக்குப் போனது. இரண்டாம் உலகப்போர் வந்ததும் ரேடார் கருவி செய்ய இடம் வேண்டும் என்று, ரட்ஜ் செய்துவந்த மோட்டார் சைக்கிள்களின் உற்பத்தியையும் நிறுத்திவிட்டார்கள். நிறுவனம் போனாலும் நட்டு போகவில்லை. டன்லப் செய்த அதே குடும்பத்துச் சக்கரங்களோடு எம்.ஜி.யும் ஜாகுவாரும் அமெரிக்காவுக்குக் கப்பல் கப்பலாகச் சென்றன. அங்கேதான் வில்லங்கம் காத்திருந்தது.

1965-ல் ரால்ஃப் நேடர் கார் நிறுவனங்களின் அலட்சியத்தை அம்பலப்படுத்தி ஒரு புத்தகம் எழுதினார். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் பிறந்த விதிகளில் 211 என்ற எண்ணுள்ளது நம் கதாநாயகனையே குறிவைத்தது. சக்கர நட்டிலோ ஹப் மூடியிலோ சிறகுபோல் வெளியே துருத்திக்கொண்டு எதுவும் இருக்கக் கூடாது. நடந்துபோகிறவர் காலைக் கிழிக்கும், சைக்கிள்காரரை வாரிவிடும். 1968 ஜனவரி 1 முதல் அமல். அமெரிக்காவுக்குப் போன கார்களின் நட்டுகளில் காதுகள் அறுபட்டன. அந்த இடத்தில் எட்டுமூலை நட்டு வந்தது. நட்டின் மேல் ஒரு தனி ஸ்பேனரை மாட்டி, அந்த ஸ்பேனரின் கைப்பிடியில்தான் சுத்தியலைப் போட வேண்டும். ஸ்பேனர் தொலைந்தால் சக்கரம் கழலாது. 1996-ல் அந்த விதியை அமெரிக்காவே ரத்து செய்துவிட்டது. அதற்குள் சுமார் முப்பது ஆண்டு ஓடிவிட்டது.

இப்போது இந்த நட்டைத் தேடும் தேடலுக்கு வருவோம். பழைய கார் ஒன்றைக் கொட்டகையிலிருந்து இழுத்து வந்து புதுப்பிக்கிறவர் எஞ்சினுக்குப் பயப்படுவார், தகரத்துக்குப் பயப்படுவார். நான்கு நட்டுதானே என்று இதைக் கடைசியில் வைத்துக்கொள்வார். வம்பு அங்கேதான். காரை வாங்கியவர்கள் காதுள்ளதைக் கழற்றி எட்டுமூலையை மாட்டினார்கள், எட்டுமூலையைக் கழற்றிக் காதுள்ளதை மாட்டினார்கள். ஐந்தாவது சக்கரத்தோடு எல்லாம் கலந்தன. நொடியில் கழற்றுவதற்கென்றே செய்த பொருள் நொடியில் காணாமலும் போகும். எஞ்சினை யாரும் சாலையோரத்துப் புல்லில் வைத்து மறந்துவிட்டுப் போவதில்லை.

சரி, ஒரு நட்டு கிடைத்துவிட்டது, பளபளவென்று இருக்கிறது. பொருந்துமா? எம்.ஜி.பி. காரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1962-ல் வந்த அந்தக் காரின் முந்தைய வகையில் பின்அச்சின் நடுப்பகுதி பாஞ்சோ இசைக்கருவி போல் உருண்டையாக இருக்கும். அதனால் பாஞ்சோ ஆக்ஸில் என்றே பெயர். அதன் குடத்தில் அங்குலத்துக்கு 12 மரை. பிறகு குழாய் வடிவ அச்சு வந்தது. அதில் அங்குலத்துக்கு 8 மரை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு நட்டும் இரட்டைப் பிள்ளைகள். 8 மரை நட்டை 12 மரைக் குடத்தில் வைத்துச் சுத்தியலால் தட்டி ஏற்றப் பார்த்தால் நட்டும் போகும், குடமும் போகும். மரை அளக்கும் சீப்புக் கேஜ் இல்லாமல் இந்த நட்டை வாங்கக் கிளம்புவது வீண் வேலை.

மரை சரி, பக்கம் சரியா? நட்டின் முகத்தில் எந்தப் பக்கத்துக்குரியது, எந்தத் திசையில் அடித்தால் கழலும் என்று அம்புக்குறியோடு எழுத்து இருக்கும். அந்த எழுத்துதான் முதலில் அழியும். அடிபட்ட காதுகளை ராவி, பாலிஷ் போட்டு, மறுபடி குரோமிய முலாம் பூசுகிற ஒவ்வொரு தடவையும் எழுத்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. கடைசியில் கண்ணாடிபோல் மின்னுகிற, எந்தப் பக்கத்துக்கென்று சொல்லாத நட்டு கையில் இருக்கும். பக்கம் மாற்றி மாட்டினால் என்ன ஆகும் என்று மேலே சொல்லியிருக்கிறேன். சந்தேகம் வந்தால் மரையைப் பார்க்க வேண்டும், முலாமைப் பார்க்கக் கூடாது.

பழைய ரட்ஜ் குடங்களோ இன்னொரு உலகம். 42, 52, 62 என்று மில்லிமீட்டரில் அளவு சொல்வார்கள். 52-க்குரிய சக்கரம் 62-ல் ஏறாது. நட்டைத் தேடிப் போனவர் சக்கரத்தைத் தேடி, சக்கரத்தைத் தேடியவர் கடைசியில் குடத்தைத் தேடி அலைவதும் உண்டு. காரணம் அந்தப் பற்கள். கிரீஸ் பார்க்காமல் வருடக்கணக்கில் ஓடிய குடத்தில் பற்கள் கத்திமுனைபோல் தேய்ந்திருக்கும். பிரேக்கைப் பிடித்துவிட்டு மறுபடி கிளம்பும்போது 'ளொக்' என்று ஒரு சத்தம் வந்தால், சக்கரத்தைக் கழற்றியதும் செந்நிறத் துருப்பொடி உதிர்ந்தால், புது நட்டு வாங்கிப் பயனில்லை. புதுச் சக்கரத்தை அந்தக் குடத்தில் மாட்டினால் தேய்ந்த பல் புதுப் பல்லையும் தின்றுவிடும். குடம், சக்கரம், நட்டு மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்க வேண்டும். தனி நட்டுக்கு விலை சொல்கிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது, உடன் குடம் இருக்கிறதா என்பதுதான்.

இந்தத் தேடலின் உச்சம் மெர்சிடஸ் 300 எஸ்.எல். கதவு மேல்நோக்கிச் சிறகுபோல் திறக்கும் அந்தக் கூபே 1,400 மட்டுமே செய்யப்பட்டது. பெரும்பாலானவை ஐந்து போல்ட் போட்ட சாதாரண இரும்புச் சக்கரத்தில் ஓடின. ரட்ஜ் பூட்டுச் சக்கரம் வேண்டுமென்றால் கூடுதல் பணம் கட்ட வேண்டும், கட்டியவர்கள் சிலரே. இன்று அசல் ரட்ஜ் சக்கரம், அதற்குரிய குடம், நட்டு எல்லாம் சேர்ந்த ஒரு தொகுதிக்குக் கொடுக்கும் பணத்தில் நல்ல புதுக் கார் ஒன்றை வாங்கிவிடலாம். விலை அப்படி ஏறியதும் என்ன நடக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. இரும்புச் சக்கரத்தில் பிறந்த கார்கள் பல இன்று ரட்ஜோடு நிற்கின்றன. பிறந்தபோது எதோடு இருந்தது என்று அறிய, நட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தொழிற்சாலைப் பதிவுச்சீட்டைத்தான் பார்க்க வேண்டும்.

எம்.ஜி., ஜாகுவார்க்காரர்கள் பாடு இவ்வளவு மோசமில்லை. அவர்களுக்குப் புதிதாகவே செய்து விற்கிறார்கள். நட்டு வாங்கும்போது உருக்கி வார்த்ததா, அடித்து உருவாக்கியதா என்று கேட்டுக்கொண்டால் போதும். மலிவான வார்ப்பில் காது சுத்தியலடிக்கு உடைந்து விழுவதுண்டு. சக்கரம்தான் ஆச்சரியம். ஆங்கிலக் கிராமத்து ஷெட்டில் தன் அறுபது வயது காருக்குப் புதுக் கம்பிச் சக்கரம் வாங்குகிறவர், அது கோவென்ட்ரியில் கோர்த்தது என்று நம்பிக்கொண்டிருக்கலாம். பெட்டி புறப்பட்ட இடத்தைத் தேடிக்கொண்டு பின்னோக்கிப் போனால் வழி துறைமுகம் தாண்டி, கடல் தாண்டி, நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு தொழிற்பேட்டையின் வாசலில் கொண்டுவந்து நிறுத்தக்கூடும்: சென்னை, பாடி. லாரிக்கும் டிராக்டருக்கும் இரும்புச் சக்கரம் செய்யும் வீல்ஸ் இந்தியா நிறுவனம் பழைய பிரிட்டிஷ் கார்களுக்கான கம்பிச் சக்கரங்களும் செய்து ஏற்றுமதி செய்திருக்கிறது.

சைக்கிள்காரர் பியூ 1908-ல் கோர்த்த கம்பி, டியெப்பில் தடைபட்டு, மிலானில் உரிமம் பெற்று, அமெரிக்காவில் காது அறுபட்டு, பாடிக்கு வந்து சேர்ந்தது எந்த வழியாக?

(அடுத்த வாரம்: பாடியில் கோர்த்த கம்பி)