சூடேற்றும் பிரிப்புத் தொட்டி

கச்சா எண்ணெயோடு கலந்து வரும் நீரை வெப்பத்தின் துணையால் பிரிக்கும், தரைமேல் நிற்கும் தொட்டி. 1859 இல் பென்சில்வேனியாவில் டிரேக் கிணறு தோண்டப்பட்ட காலத்தில் இதற்கு அவ்வளவாகத் தேவை எழவில்லை. அங்கே கிடைத்த இலகுவான எண்ணெயைத் தொட்டியில் விட்டுவைத்தால் நீர் பெரும்பாலும் தானே அடியில் இறங்கிவிடும். கலிபோர்னியாவில்தான் சிக்கல் முற்றியது. 1899 இல் கண்டறியப்பட்ட கெர்ன் ரிவர் வயலின் எண்ணெய் கெட்டியானது. அதன் அடர்த்தி நீரின் அடர்த்தியை நெருங்குவது. இத்தகைய எண்ணெயில் நுண்துளிகளாகச் சிதறும் நீரை, எண்ணெயின் கனமான கூறுகளான ஆஸ்பால்டீன்கள் படலமாகச் சூழ்ந்துகொள்ள, எளிதில் பிரியாத பழுப்புநிறப் பால்மம் உருவாகும். இதற்கு மருந்தாகக் கொள்ளப்பட்டது வெப்பம். ஆனால் நீரைப் பிரிப்பது வெப்பம் அன்று, புவியீர்ப்பே. ஸ்டோக்ஸ் 1851 இல் தந்த விதிப்படி, அடர்த்தி வேறுபாடும் துளியின் விட்டமும் கூடக்கூடத் துளி விரைந்து இறங்கும். எண்ணெயின் பாகுநிலை கூடினால் வேகம் குறையும். சூடேற்றுவதால் பாகுநிலை தளர்ந்து, காத்திருக்கும் நேரம் சுருங்குகிறது. படலத்தை உடைப்பதும் வெப்பமே என்பாரும் உண்டு. ஓரளவு தளர்த்துகிறது என்ற அளவில் ஏற்கலாம்.

‘கன் பேரல்’ எனப்படும் ஒடுங்கி உயர்ந்த வகையில் இந்த வேலையைத் தெளிவாகக் காணலாம். வாயு பிரிந்த கலவை குழாய்வழி அடிப்பகுதிக்கு இறங்கி, நீராவிச் சுருளோ தீக்குழாயோ சூடாக்கிய நீரடுக்கின் ஊடே மேலெழும்பும். எண்ணெய் உச்சியில் வழிந்து வெளியேறும். தொட்டிக்கு வெளியே நிற்கும் நீர்க்குழாயின் வழிவாயைச் சற்று உயர்த்தினால், உள்ளே எண்ணெயும் நீரும் சந்திக்கும் மட்டமும் உயரும். மிதவை இல்லை, கருவி இல்லை. இரு திரவ நிரல்களின் எடைச் சமநிலையே அதைப் பார்த்துக்கொள்கிறது.

துளியின் விட்டம் இருமடங்கானால் வேகம் நான்கு மடங்காகும். ஆகவே எரிபொருளைச் செலவழிப்பதைவிடத் துளியைப் பெரிதாக்குவதே ஆதாயம். காட்ரெலும் ஸ்பீடும் 1911 இல் காப்புரிமை பெற்ற முறை மின்புலத்தால் துளிகளை இணைத்தது. பார்னிக்கல் 1914 இல் காப்புரிமை பெற்ற முறை வேதிப்பொருளால் பால்மத்தை உடைத்தது. அப்படியானால் அடுப்பு ஏன் அணையவில்லை என்று கேட்கலாம். கெட்டி எண்ணெயில் அடர்த்தி வேறுபாடு அற்பம். பெரிதாக்கிய துளியும் குளிர்ந்த எண்ணெயில் நகர மறுக்கும், வேதிப்பொருளும் சரியாகக் கலக்காது. இலகு எண்ணெயின் கதை வேறு. சூடேற்றினால் அதன் மதிப்புமிக்க ஆவிப்பகுதி பறந்து, அளவும் விலையும் குறையும். தீ அபாயமும் உண்டு. அதனால் அங்கே அழுத்தம் தாங்கும் மூடிய ‘ஹீட்டர் ட்ரீட்டர்’ இடம்பிடித்தது. சேமிப்புத் தொட்டிகளின் ஆவிக் கசிவுக்கு அமெரிக்கக் கூட்டரசு 2012 இல் வரம்பு விதித்தபின், ஆவியை மீட்கும் கருவிகளின் தேவை கூடியது.