வாங்குவோர் கணக்கு

ஆங்கில நாட்டு ராச்டேல் நகரில், 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் மாலை, நெசவாளர் முதலிய எளியோர் சேர்ந்து அமைத்த கூட்டுறவுச் சங்கத்தின் கடை திறக்கப்பெற்றது. மாவு, வெண்ணெய், சர்க்கரை, மெழுகுவத்தி, அவ்வளவே சரக்கு. கிடைத்த ஆதாயத்தை, உறுப்பினர் வாங்கிய சரக்கின் அளவுக்கேற்ப அவர்களுக்கே பகிர்ந்தளித்தனர். அஃது அன்பளிப்பன்று, கடைக்கு உடையவர் பெற்ற உரிமை என்பதை மாணவ நண்பர்கள் கருத்தில் இருத்தவேண்டும்.

பின்வந்த வணிகர் அம்முறையின் தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டனர். 1958-இல் கிரீன் ஷீல்டு என்னும் வில்லைகள் அந்நாட்டில் தோன்றின. அஞ்சல்தலை போன்ற அவற்றை ஏட்டில் ஒட்டி நிரப்பினால் வீட்டுப் பொருள்கள் கிடைக்கும். அவற்றை வழங்கிவந்த டெஸ்கோ நிறுவனம் 1977-இல் கைவிட்டு, விலைகளைக் குறைத்தது.

அதே நிறுவனம் 1995-இல் கிளப்கார்டு என்னும் அட்டையை நாடெங்கும் வழங்கியது. ஒட்டியவர் யாரென்பதை வில்லை அறியாது. அட்டையோ பெயரையும் முகவரியையும் அறியும். எவர், என்று, எதனை வாங்கினார் என்னும் குறிப்பெல்லாம் கடையிடம் குவிந்தது. ராச்டேலில் கடையின் கணக்கை உறுப்பினர் பார்த்தனர். இங்கே உறுப்பினர் கணக்கைக் கடை பார்க்கிறது!

2019-இல் அட்டையுடையோர்க்கென்றே சில பண்டங்களுக்குக் குறைந்த விலை வைக்கப்பட்டது. அட்டையில்லாதவர் அதே பண்டத்துக்கு மிகுதியாகத் தரவேண்டும். இதனைத் தள்ளுபடி என்பர். தம் கணக்கைக் காட்ட மறுத்தவர்மீது விதித்த தண்டம் என்றே நான் சொல்வேன். அட்டையை மறந்து வந்தவர், வரிசையில் பின்னிற்பவரிடம் இரவல் கேட்பதும் உண்டு.