ரயில் அச்சும் தொடை எலும்பும்

1855. நீண்ட அணிவகுப்பு முடித்து வந்த இளம் சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதைப் பற்றி பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைட்ஹாப்ட் எழுதுகிறார். யாரும் விழவில்லை, அடிபடவில்லை. வெறும் நடைதான். ஏதோ அழற்சி என்று முடிவுக்கு வருகிறார். எலும்பை உள்ளே பார்க்க வழியே இல்லாத காலம், வேற என்ன சொல்லியிருக்க முடியும்? 1895ல் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். இரண்டே வருஷத்தில் ஸ்டெக்கோ என்பவர் அதே மாதிரி பாதங்களைப் படம் எடுத்துப் பார்த்தால், உள்ளே எலும்பு முறிந்திருக்கிறது!

என்னை இழுத்தது இன்னொரு விஷயம். அதே பிரஷ்யாவில், அதே 1850களில், ஆகஸ்ட் வோலர் என்ற ரயில்வே எஞ்சினியர் வேறொரு புதிரோடு மல்லுக்கட்ட ஆரம்பித்தார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ரயில் அச்சு, அதிகச் சுமை ஏதும் இல்லாமலே ஒருநாள் ஏன் உடைகிறது? வருஷக்கணக்கில் அச்சுகளை வளைத்து வளைத்துச் சோதித்தார். ஒருமுறை தாங்குகிற சுமையை லட்சம் முறை தாங்கும் என்று அர்த்தமில்லை என்பது விடை. மெக்கானிக்கல் படித்தவர்களுக்கு எஸ்-என் கர்வ் ஞாபகம் வரும் (பரீட்சைக்கு முந்தின ராத்திரி வரைஞ்சு பாத்தது!).

சிப்பாயின் எலும்புக்கும் நடந்தது இதேதான். ஆனா எலும்புக்கு உயிர் இருக்கு, தன்னையே ரிப்பேர் செய்துகொள்ளும். சிக்கலும் அங்கேதான். முதலில் பழுதான இடத்தை அரித்து எடுக்கும், அதற்குச் சில வாரங்கள் போதும். புது எலும்பை நிரப்ப மாதங்கள் ஆகும். இடைப்பட்ட காலத்தில் எலும்பு முன்பைவிட பலவீனம். புதிதாகச் சேர்ந்த சிப்பாயோ, திடீரென்று மாரத்தான் பயிற்சியில் இறங்கியவரோ நிறுத்தாமல் ஓடினால் மாட்டுவது அந்தச் சமயத்தில்தான்.

பாதத்தில் வந்தால் பிழைத்தோம். இடுப்பு மூட்டில் வந்தால் கதை வேற. தொடை எலும்பின் கழுத்து, சுவரில் அடித்த பிராக்கெட் மாதிரி சாய்ந்து நிற்கிறது. எடை ஏறும்போது அதன் கீழ்ப்பக்கம் அமுங்கும், மேல்பக்கம் இழுபடும். 1965ல் டெவாஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் இந்தக் கழுத்து விரிசல்களை இரண்டாகப் பிரித்தார். அமுங்கும் பக்க விரிசல் பெரும்பாலும் ஊன்றுகோலும் ஓய்வுமாகச் சரியாகிவிடும். இழுபடும் பக்கத்து விரிசல் திறந்துகொண்டே போகும். எலும்பு விலகிவிட்டால் மூட்டின் தலைக்குப் போகிற ரத்தம் நின்று, அந்தப் பகுதியே செத்துப்போகலாம். அதனால்தான் விலகுவதற்கு முன்பே ஸ்க்ரூ போடுகிறார்கள்.

இன்றைக்கும் ஆரம்பத்தில் தெரிவது கவட்டியில் ஒரு வலி, ஓடினால் கூடும், உட்கார்ந்தால் குறையும். தசைப்பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டு மறுபடி ஓடுகிறவர்கள் நிறைய பேர். பிரைட்ஹாப்டிடம் இல்லாத எக்ஸ்ரேயே முதல் வாரங்களில் சுத்தமாக இருக்கலாம். எம்ஆர்ஐ எடுத்தால்தான் விரிசல் தெரியும்.