கழிபொருள் ஒளிப்படக் கருவிகள்

தகர டப்பா, அட்டைப்பெட்டி, பழுதான இயந்திரத்தின் வில்லை, பி.வி.சி. குழாய்த் துண்டு என்று பிறர் வேண்டாமென ஒதுக்கிய பொருள்களில் வீட்டிலேயே செய்துகொள்ளும் கேமரா, வில்லைக்கூடு, விளக்கு, டார்க் ரூம் சாமான்கள் முதலியவற்றைக் கழிபொருள் ஒளிப்படக் கருவிகள் எனலாம். இவற்றில் எளியதும் பழையதும் ஊசித்துளை கேமரா. செய்முறை நூல்கள் பெரும்பாலும் குளிர்நாட்டு வானத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. திருச்சி புத்தூரில் ஒருவர் மொட்டைமாடியில் செய்து பார்க்கும்போது வெயில், மழை, சூரியனின் உயரம் எல்லாமே மாறிவிடுகின்றன. இக்கட்டுரை அந்த மாற்றங்களைக் கணக்கில் கொள்கிறது.

முன்னோடிகள்

ஒளிப்படக்கலை பிறந்த காலத்தில் கருவியில் பாதி கைவேலைதான். 1858இல் சென்னை அரசின் ஒளிப்படக்காரராகத் திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் படமெடுத்த லினியஸ் ட்ரைப், மெழுகேற்றிய காகிதத்தையே நெகட்டிவாகப் பயன்படுத்தினார். கடையில் பிலிம் வாங்கும் வழக்கம் வர இன்னும் முப்பது ஆண்டுகள் இருந்தன.

தென்னிந்தியாவில் இத்துறைக்குச் சொல்லத்தக்க எடுத்துக்காட்டு ஆலப்புழையில் இருக்கிறது. 1940களில் அங்கே ஒரு ஸ்டூடியோக்காரர், கிழிந்துபோன தம் கேமராத் துருத்தியைச் சரிசெய்ய ஆர்மோனியம் பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுபோனார். காற்றுக்கு மடிப்பு தைத்த கை ஒளிக்கும் தைத்தது. அந்த ஆர்மோனியக் கடைக் குடும்பத்தின் கருணாகரன் அதோடு நிற்காமல் தேக்கும் பித்தளையும் கொண்டு முழு கேமராவையே செய்தார். ‘வாகீஸ்வரி’ என்ற பெயரில் வந்த அந்தக் கேமரா பல பத்தாண்டுகள் இந்திய ஸ்டூடியோக்களில் முக்காலி மேல் நின்றது. துருத்திக்கு ஒளி புகாத மடிப்பு வேண்டும், அவ்வளவே. அதை முதலில் புரிந்துகொண்டவர் கேமராக்காரர் அல்லர், வாத்தியம் செய்பவர்.

வெளிநாட்டில் செக் நாட்டின் மிரோஸ்லாவ் டிச்சி (1926–2011) பெயர்பெற்றவர். அட்டை, நூற்கண்டு, ரப்பர் நாடா ஆகியவற்றால் கேமரா கட்டினார். பிளெக்ஸிகிளாஸ் துண்டை வெட்டி, உப்புத்தாளில் தேய்த்து, பற்பசையும் சிகரெட் சாம்பலும் கலந்து மெருகேற்றி வில்லையாக்கினார். ஊர்ப் பெண்களை அவர்களுக்குத் தெரியாமல் எடுத்த படங்களே அவற்றில் மிகுதி. கருவியை மெச்சலாம், அந்தப் பழக்கத்தை மெச்ச முடியாது.

துளை

ஊசித்துளை கேமராவில் கவனம் முழுவதும் துளைக்கே போக வேண்டும். குளிர்பான டின்னிலிருந்து தபால்தலை அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, அதை அட்டை மேல் வைத்து, தையல் ஊசியின் முனையால் அழுத்த வேண்டும். குத்தக் கூடாது, மறுபுறம் சின்னப் புடைப்பு எழுந்தால் போதும். அந்தப் புடைப்பை நயமான உப்புத்தாளில் தேய்த்து, மறுபடி அழுத்தி, மறுபடி தேய்த்தால் பிசிறில்லாத வட்டத் துளை கிடைக்கும். ஒரே குத்தில் துளைத்தால் விளிம்பு கிழிந்து படம் மங்கும்.

துளை சிறியதாக ஆக படம் கூர்மையாகும் என்பது பாதி உண்மை. ஓர் அளவுக்குக் கீழே ஒளி விளிம்பில் வளைந்து பரவி, படம் திரும்பவும் கலங்கும். ரேலே பிரபு 1891இல் இதற்குக் கணக்குத் தந்தார். அதன்படி தாளுக்கும் துளைக்கும் 100 மி.மீ. தொலைவு இருந்தால் துளை ஏறத்தாழ 0.45 மி.மீ. இருக்க வேண்டும். கேமரா மொழியில் அது எஃப்/224. கறுப்பு வெள்ளை பிரிண்ட் தாளின் வேகம் ஐ.எஸ்.ஓ. 6 என்று கொண்டால், திருச்சியின் உச்சி வெயிலில் அரை நிமிடம் துளையைத் திறந்துவைக்க வேண்டும். ஷட்டருக்குக் கறுப்பு இன்சுலேஷன் டேப் போதும். அந்த அரை நிமிடத்தில் புத்தூர் நால்ரோட்டில் ஓடும் பஸ்ஸும் ஆட்டோவும் தாளில் பதியாது. கட்டடமும் கம்பமும், ஓரமாக நிறுத்திவைத்த வண்டியும் மட்டுமே மிஞ்சும்.

டப்பாவின் உட்புறத்துக்குப் பளபளப்பில்லாத கறுப்புப் பெயின்ட் அடிக்க வேண்டும். பிஸ்கட் டின்னின் உள்ளே மின்னும் தகரத்தை அப்படியே விட்டவர்கள் பெறுவது வெறும் சாம்பல் மூட்டம்.

தாளும் மருந்தும்

பெட்டியைக் குப்பையில் பொறுக்கலாம், வில்லையைப் பழைய இரும்புக் கடையில் பொறுக்கலாம். ஒளி பட்டால் மாறும் தாளைப் பொறுக்க வழியில்லை. உதகையில் 1960இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் தாளும் பிலிமும் தந்த காலத்தில் இந்தக் கவலை இல்லை. அந்த ஆலை மூடப்பட்டபின் கறுப்பு வெள்ளைத் தாளுக்கு இறக்குமதியைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. பத்து ரூபாய் டப்பாவுக்குள் அதைப்போலப் பல மடங்கு விலையுள்ள தாள் உட்காரும் விசித்திரம் இதனால்தான்.

இதற்கு மாற்றாகச் சிலர் எக்ஸ்-ரே பிலிமைப் பயன்படுத்துகிறார்கள். அரசு மருத்துவமனை இருக்கும் புத்தூரில் எக்ஸ்-ரே பிலிமைக் காணாத வீடு இராது. ஆனால் மார்புக்கூடு பதிந்த பழைய பிலிம் கேமராவுக்கு ஆகாது. அதை எடைக்கு வாங்குவோர் அதிலுள்ள வெள்ளிக்காக வாங்குகிறார்கள். உதவுவது, காலாவதியாகிப் பிரிக்கப்படாமல் கிடக்கும் புதுப் பெட்டி. பச்சை ஒளிக்கு ஏற்ற வகை சிவப்புக்கு மசியாது என்பதால் மங்கிய சிவப்பு விளக்கில் கையாளலாம். இரு பக்கமும் மருந்து பூசியிருப்பதால் நகம் பட்டாலே கீறல் விழும்.

டெவலப்பருக்குச் சமையலறையில் வழி உண்டு. அமெரிக்காவின் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்காட் வில்லியம்ஸும் மாணவர்களும் 1995இல் இன்ஸ்டன்ட் காபித்தூளையும் சலவை சோடாவையும் கொண்டு படம் கழுவிக் காட்டினார்கள். பின்வந்தவர்கள் வைட்டமின் சி சேர்த்தார்கள். வேலை செய்வது கஃபீன் அல்ல, காபியிலுள்ள கஃபேயிக் அமிலம். மலிவான தூளே இதற்கு நல்லது, டிகிரி காபியை வீணாக்க வேண்டாம். ஆனால் படத்தை நிலைக்கவைக்க ஹைப்போவைத்தான் வாங்க வேண்டும். பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி கரைந்திருக்கும். உய்யக்கொண்டான் வாய்க்காலில் கொட்டக் கூடாது.

பிற கருவிகள்

ஒளியைத் திருப்ப தெர்மாகோல் பலகை. தமிழ்ப் படப்பிடிப்புத் தளங்களிலேயே இதுதான் புழங்குகிறது. பழைய ஜெராக்ஸ் மெஷினிலிருந்து கழற்றிய வில்லை பெரிய பெட்டிக் கேமராவுக்குப் பொருந்தும். அருகிலிருந்து பூச்சியையும் பூவையும் எடுக்க வில்லைக்கும் கேமராவுக்கும் இடையே பி.வி.சி. குழாய்த் துண்டைச் செருகலாம். மரை சரியாக அமைய வேண்டுமானால் லேத் பட்டறைக்குப் போக வேண்டும். 1928 முதல் பொன்மலை ரயில்வே பணிமனையும், பின்னர் பெல் நிறுவனமும் கடைசல் தெரிந்த கைகளை வளர்த்த ஊர் இது. மரை அளவைச் சரியாகச் சொன்னால் கடைந்து வாங்குவது சிரமமில்லை.

பழைய பிளாஷைப் பிரிப்பது மட்டும் விளையாட்டல்ல. அதன் கெப்பாசிட்டரில் பேட்டரியைக் கழற்றிய பிறகும் 300 வோல்ட் வரை தேங்கியிருக்கும். மின்வேலை தெரியாதவர்கள் தொட வேண்டாம்.

சூரியத் தடம்

டின்னுக்குள் பிரிண்ட் தாளைச் சுருட்டி வைத்து, மாதக்கணக்கில் மாடிச் சுவரில் கட்டிவிட்டால் சூரியனின் அன்றாடப் பாதை தாளில் கோடு கோடாக எரிந்து பதியும். இதற்கு டெவலப்பரும் வேண்டாம், ஹைப்போவும் வேண்டாம். தாளை எடுத்து ஒரே முறை ஸ்கேன் செய்து, கணினியில் நிறத்தைத் தலைகீழாக்கினால் படம் தயார். இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழக வானாய்வகத்தில் 2012இல் ரெஜினா வால்கன்போர்க் கட்டிய பீர் டின் மறந்துபோய், எட்டு ஆண்டுகளுக்குப் பின் 2020இல் கழற்றப்பட்டது. அதில் 2,953 தடங்கள் பதிந்திருந்தன.

இங்கிலாந்தில் டின்னைத் தெற்கு நோக்கிக் கட்டுகிறார்கள். திருச்சியில் அது பயன்படாது. இங்கே ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் நேர் தலைக்கு மேல் வருகிறது. இடைப்பட்ட கோடையில் வடக்கே சாய்ந்து போகிறது. டிசம்பர் பிற்பகுதியில்கூட நண்பகலில் 56 டிகிரி உயரத்தில் நிற்கும். எனவே டின்னைக் கிழக்கு அல்லது மேற்கு நோக்கி, சற்று அண்ணாந்த நிலையில் கட்ட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்குமுன் மூட்டுகளை எம்-சீல் வைத்து அடைப்பது அவசியம். டின் மேல் ‘கேமரா’ என்று எழுதி, வீட்டு எண்ணையும் ஒட்டுவது நல்லது. 2016இல் அட்லாண்டா நகரில் மாணவர்கள் கட்டிய இத்தகைய டின்னை வெடிகுண்டு என்று எண்ணிப் போலீசார் போக்குவரத்தையே நிறுத்தினார்கள்.

கிரகணம்

2019 டிசம்பர் 26 காலை திருச்சி வழியாக வளைய சூரிய கிரகணம் சென்றது. 9.30 மணியை ஒட்டி முழு வளையம் தெரிந்தது. தாளோ பிலிமோ இல்லாமல் ஊசித்துளைப் பெட்டி முழுப்பயன் தரும் தருணம் இதுவே. துளையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வெள்ளைத் தாளைப் பிடித்தால் சூரியன் சுமார் 9 மி.மீ. வட்டமாக விழும், வளைய வேளையில் அது மோதிரமாகும். பெட்டி கிடைக்காதவர்கள் மரத்தடிக்குப் போகலாம், இலை இடுக்கு ஒவ்வொன்றும் ஒரு துளை. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்ற அமைப்புகள் ஊர்தோறும் சொல்லிவரும் முறையும் இதுதான். எக்ஸ்-ரே பிலிமைக் கண்ணில் பிடித்து நேராகப் பார்க்கும் பழைய பழக்கத்தை விட்டுவிட வேண்டும், விழித்திரை கருகினால் வலி தெரியாது. தென்னிந்தியா வழியே அடுத்த வளைய கிரகணம் 2031 மே 21 அன்று வருகிறது.