காலனியாட்சிக் காலச் சென்னையில் வாக்குச்சாவடிகள்

வாக்குச்சாவடி என்பது, ஒரு பகுதியின் வாக்காளர்கள் வாக்களிப்பதற்காக அரசு முன்கூட்டியே குறித்து அறிவிக்கும் இடம். 'சாவடி' பழைய சொல். ஊரார் கூடும் இடம், வழிப்போக்கர் தங்கும் இடம், தீர்வை வாங்கும் இடம் ஆகிய எல்லாவற்றுக்கும் அது வழங்கியது. சென்னையின் கொத்தவால் சாவடியும் இன்றைய சுங்கச்சாவடியும் அந்த வழக்கின் தொடர்ச்சி. தேர்தல் வந்தபோது மக்கள் இதே சொல்லை அதற்கும் சூட்டினார்கள். ஆனால், பொது இடம் என்று பெயர் பெற்ற எல்லாவற்றிலும் எல்லோரும் கால் வைக்க முடியாத காலம் அது. எனவே வாக்குரிமையின் வரலாற்றைப் படிக்கும்போது யாருக்கு வாக்கு கிடைத்தது என்பதோடு, பெட்டி வைத்த இடத்துக்கு அவரால் போக முடிந்ததா என்பதையும் கேட்க வேண்டும்.

வரி கட்டியவர்களின் தேர்தல்

சென்னையில் தேர்தல் முறை நகராட்சியில் தொடங்கியது. 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி, நகராட்சி உறுப்பினர்கள் 32 பேரில் 16 பேரை வரி செலுத்துவோர் தேர்ந்தெடுத்தனர். மாகாண சட்டசபைக்கு நேரடித் தேர்தல், மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தத்துக்குப் பிறகு 1920 நவம்பரில் நடந்தது. மாகாணத்தின் மக்கள்தொகை 4 கோடிக்கு மேல். வாக்காளர்கள் ஏறத்தாழ பன்னிரண்டரை லட்சம் பேர்தான். சொத்தும் வரியுமே தகுதி. மயிலாப்பூர் மாட வீதியில் சொந்த வீடு வைத்திருந்த வழக்கறிஞர் வாக்காளர். அந்த வீட்டில் சமைத்தவர் அல்லர். அவர் மனைவிக்கும் அப்போது வாக்கு இல்லை.

தென்சென்னையின் படமும் அன்று வேறு. தியாகராய நகர் அப்போது பிறக்கவில்லை. அந்த இடத்தில் இருந்தது நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த பெரிய ஏரி. 1920களில் ஏரியைத் தூர்த்து நகரை அமைத்தபோது, 1920 தேர்தலில் வென்ற நீதிக்கட்சியின் தலைவர்கள் பெயர்களே அங்கு நிலைத்தன: நகருக்குச் சர் பிட்டி தியாகராய செட்டியார், பூங்காவுக்குப் பனகல் அரசர். அடையாற்றின் தென்கரையோ அன்று நகர எல்லைக்கு வெளியே, செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது.

பெண்களும் சாவடியும்

ஆனால் அந்தத் தென்கரையில்தான் பெண்கள் வாக்குரிமைக்கான குரல் அமைப்பாகத் திரண்டது. 1917இல் அடையாற்றில் அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா முதலியோர் இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கினர். அதே ஆண்டு டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு ஒன்று சென்னையில் மாண்டேகுவைச் சந்தித்து வாக்குரிமை கேட்டது. 1921இல் சென்னை சட்டசபை தீர்மானம் நிறைவேற்றி, ஆண்களுக்குரிய அதே தகுதிகளோடு பெண்களுக்கும் வாக்களித்தது. இந்திய மாகாணங்களில் இதுவே முதல்.

தீர்மானம் நிறைவேறியவுடன் பெண்கள் சாவடிக்கு வந்துவிடுவார்கள் என்று எண்ண முடியாது. கோஷா முறை உள்ள குடும்பத்துப் பெண்கள் ஆண் மருத்துவரிடமே போகத் தயங்கியதால் சென்னையில் கோஷா மருத்துவமனை தனியாக 1885இல் தொடங்கப்பட்டிருந்தது. அந்நிய ஆண்கள் நிற்கும் வரிசை அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? தனி வாசல், தனி அறை, பெண் அலுவலர் என்பவை சலுகைகள் அல்ல. அவை இல்லாவிட்டால் உரிமை ஏட்டோடு நின்றுவிடும். விடுதலைக்குப் பின் 1951-52 பொதுத்தேர்தலில் கூட நாடெங்கும் 27,527 சாவடிகள் பெண்களுக்கென்றே ஒதுக்கப்பட்டன.

தெருவும் வாக்கும்

ஆதிதிராவிடர் நிலை இதைவிடக் கடினம். வாக்குச்சாவடிக்கு ஏற்ற பெரிய கட்டடம் என்றால் பள்ளிக்கூடம், சத்திரம், கோயில் மண்டபம், அரசு அலுவலகம். மாகாணத்தின் பல ஊர்களில் இவை அக்ரகாரத்திலோ ஊர்த்தெருவிலோ இருந்தன. அந்தத் தெருவில் நடக்கவே தடை இருந்தால், உள்ளே இருக்கும் பெட்டியால் என்ன பயன்? 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானத்தை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், பொது அலுவலகம் ஆகியவற்றை எந்தச் சாதியினரும் பயன்படுத்தலாம் என்று அது அறிவித்தது. அதில் தேர்தல் பற்றிய பேச்சு இல்லை. என்றாலும், என் கணிப்பில், மாகாணத்தின் வாக்குரிமை வரலாற்றில் அதற்கு இடம் உண்டு.

1932 பூனா ஒப்பந்தம் இதை மேலும் கூர்மையாக்கியது. முகமதியர், இந்தியக் கிறித்தவர், ஐரோப்பியர் ஆகியோருக்குத் தனித் தொகுதிகள் தொடர்ந்தன. ஒடுக்கப்பட்டோருக்கோ கூட்டுத் தொகுதியில் ஒதுக்கீட்டு இடங்கள் கிடைத்தன. 1937 சட்டசபையின் 215 இடங்களில் 30. முதற்கட்டத்தில் அவர்களே வேட்பாளர் குழுவைத் தேர்ந்தாலும், இறுதி வாக்கெடுப்பு எல்லோருக்கும் பொது. ஒரே தொகுதி, ஒரே பட்டியல் என்றானபின் எல்லோரும் போகத்தக்க சாவடி கட்டாயத் தேவையானது.

அறைக்குள்ளேயும் ஒரு மாற்றம் வந்தது. அதற்கு முன், எழுத்தறியாத வாக்காளர் தம் விருப்பத்தை அலுவலரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. பண்ணையார் ஆள் பக்கத்தில் நின்றால் இரகசியம் எங்கே இருக்கும்? 1937இல் வண்ணப் பெட்டிகள் வந்தன. மறைவான இடத்தில் வைத்த பெட்டிகளில் விரும்பிய நிறத்தில் சீட்டைப் போட்டால் போதும். காங்கிரசுக்குக் கிடைத்தது மஞ்சள். மங்கல நிறமாயிற்றே, பிரசாரத்துக்குக் கேட்க வேண்டுமா! 'மஞ்சள் பெட்டி' என்ற பேச்சு பட்டிதொட்டி எங்கும் பரவியது. காங்கிரசு 159 இடங்களில் வென்றது.

பின்வந்த விதிகள்

1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, தேர்தல் ஆணையத்தின் ஒப்புதலோடு போதிய சாவடிகளை ஏற்படுத்தி, அவற்றின் பட்டியலை வெளியிட வேண்டும் என்கிறது. சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் வாக்குச் சேகரிக்கக் கூடாது. வாக்காளரை இலவச வாகனத்தில் ஏற்றிவருவது தேர்தல் முறைகேடு. ஆணையத்தின் வழிகாட்டுதல்கள் இன்னும் நுணுக்கமானவை: சாவடி தரைத்தளத்தில் அமைய வேண்டும், காவல் நிலையம், மருத்துவமனை, கோயில் முதலிய சமய இடங்களைத் தவிர்க்க வேண்டும். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் தேர்தல் நாளன்று பள்ளி வகுப்பறைகளே பெரும்பாலும் சாவடிகளாகின்றன. முந்தின நாள் பெஞ்சுகளை ஒதுக்கிக் கரும்பலகையைத் துடைத்து இடம் கொடுத்த அனுபவம், ஆசிரியர் வேலை பார்த்த எங்களில் பலருக்கும் உண்டு.