250 சொற்களில் ஓர் அபிப்பிராயம்: கருத்துக் கட்டுரைப் பரீட்சையின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

இஷாத் தொழுதுவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்த நேரம், ராத்தாவின் மகன் கையில் ஒரு கொப்பியோடு வந்து நின்றான். ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சையை இரண்டாவது முறையும் எழுதியிருந்தான். கேட்டல், வாசிப்பு, பேச்சு மூன்றிலும் வேண்டிய புள்ளி வந்துவிட்டது. எழுத்தில் மாத்திரம் 5.5. அவனுக்குத் தேவைப்பட்டது 6.5.

"மாமா, நீங்க தமிழ் வாத்தியார்தானே. கட்டுரை எழுதக் குடுக்கிறது உங்கட வேல. இதக் கொஞ்சம் பாருங்க" என்றான்.

"தமிழ்க் கட்டுரையெண்டா பார்க்கலாம் மகன். இங்கிலீசில என்னத்த நான் பார்க்கிற?"

"இங்கிலீசில பெரிய பிழையில்ல மாமா. கிராமரெல்லாம் கிளாஸ் சேர் திருத்தித் தந்துட்டார். எனக்கு என்ன சொல்றதெண்டுதான் வருகுதில்ல. ஓமா இல்லையா எண்டு கேக்கிறாங்க. நான் ஒரு பக்கத்தப் புடிச்சி எழுதிற. அவ்வளவுதான்."

கொப்பியைப் புரட்டினேன். பதினான்கு கட்டுரைகள். பதினான்கும் ஒரே அச்சில் வார்த்தவை. முதற் பந்தி, முடிவுப் பந்தி, இடையில் வரும் இணைப்புச் சொற்கள் எல்லாம் ஒன்றே. தலைப்புக்குரிய சொற்கள்தாம் மாறியிருந்தன. அன்றிரவு அவனுக்கு உதவவென்று தொடங்கிய தேடல்தான் இக்கட்டுரை. தமிழ்ச் சிறப்புப் பட்டதாரியான எனக்கு இந்தப் பரீட்சை முற்றிலும் அந்நியமானது என்றே நினைத்திருந்தேன். அப்படியல்ல என்பதைச் சொல்வதே என் நோக்கம்.

கேட்கப்படுவது என்ன?

எழுத்துப் பரீட்சைக்கு 60 நிமிடம். முதற் பணிக்குக் குறைந்தது 150 சொற்கள். இரண்டாவதே நாம் பேசும் கருத்துக் கட்டுரை. குறைந்தது 250 சொற்கள், அதற்கு 40 நிமிடம் ஒதுக்கும்படி ஆலோசனை கூறப்படுகிறது. முதற் பணியைவிட இதற்கு இரு மடங்கு பெறுமதி. ஒரு கூற்றைத் தந்து எவ்வளவு தூரம் உடன்படுகிறீர் என்று கேட்பார்கள். அல்லது இரு சாராரின் கருத்துகளையும் ஆராய்ந்து உமது கருத்தைத் தருக என்பார்கள். நான்கு அளவுகோல்களில் புள்ளி இடப்படும்: வினாவுக்கு விடையிறுத்தல், கருத்துத் தொடர்ச்சி, சொல்வளம், இலக்கணம். மருமகன் பின்னிரண்டில் தேறியிருந்தான். முன்னிரண்டில் வழுக்கினான்.

பரீட்சையாக மாறிய கட்டுரை

ஐரோப்பாவில் கட்டுரை என்ற இலக்கிய வடிவம் பரீட்சைக்காகப் பிறந்ததல்ல. பிரான்சிய எழுத்தாளர் மொந்தேய்ன் 1580இல் தம் நூலுக்கு இட்ட பெயரின் பொருளே 'முயன்று பார்த்தல்' என்பதுதான். 1597இல் பிரான்சிஸ் பேக்கன் அதனை ஆங்கிலத்தில் ஆண்டார். தன் மனதைத் தானே சோதித்துப் பார்க்கும் எழுத்தாக இருந்த இது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிறர் நம்மைச் சோதிக்கும் கருவியாயிற்று.

அதற்கு ஒரு முக்கிய காரணம் உத்தியோகம். இந்திய சிவில் சேவைக்கு ஆட்களைப் போட்டிப் பரீட்சை மூலம் தெரிவு செய்யும் முறை 1855இல் தொடங்கியது. ஆங்கிலக் கட்டுரை அதில் ஓர் அங்கம். 1858இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பாடசாலை மாணவருக்கான உள்ளூர்ப் பரீட்சைகளை ஆரம்பித்தது. 1880இல் அப்பரீட்சை இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து ஒரு தலைமுறைக்கும் மேலாக நம் நாட்டில் படித்தவன் யார் என்பதைக் கடல் கடந்து போன விடைத்தாள்கள் தீர்மானித்தன.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்கென்று கேம்பிரிட்ஜ் தனியாக ஒரு பரீட்சை நடத்தியது 1913இல். எழுத்தும் பேச்சுமாகப் பன்னிரண்டு மணித்தியாலம் நீண்ட சோதனை அது. கட்டுரைக்கு இரண்டு மணித்தியாலம். அரசியல் இயக்கங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில இலக்கியத்தில் ஏற்படுத்திய விளைவு, எலிசபெத் காலத்துப் பயணங்களும் கண்டுபிடிப்புகளும் ஆகியன கொடுக்கப்பட்ட தலைப்புகளுட் சில. தோற்றியவர்கள் மூன்று பேர். ஒருவர்கூடச் சித்தியடையவில்லை. இதை வாசித்துக் காட்டியபோது மருமகன் முதல் தடவையாகச் சிரித்தான்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கட்டுரை மீதே சந்தேகம் எழுந்தது. டாக்காப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக இருந்த பிலிப் ஹார்ட்டொக் 1930களில் பிரித்தானியப் பரீட்சைகளை ஆராய்ந்தார். ஒரே விடைத்தாளுக்கு வெவ்வேறு பரீட்சகர்கள் வெகு தூரம் விலகிய புள்ளிகளை இட்டமை அதில் வெளிப்பட்டது. 1964இல் அமெரிக்காவில் தொடங்கிய ரோஃபெல் பரீட்சையில் ஆரம்பத்தில் கட்டுரையே இருக்கவில்லை. தரப்பட்ட விடைகளுள் சரியானதைத் தெரிவு செய்யும் முறைதான். 1986இல்தான் அங்கு தனியாக ஓர் எழுத்துப் பரீட்சை சேர்க்கப்பட்டது. பிரித்தானியத் தரப்பில் 1980இல் வந்த ஈ.எல்.ரி.எஸ். பரீட்சையின் இடத்தை 1989இல் ஐ.ஈ.எல்.ரி.எஸ். பிடித்தது. பிரித்தானிய கவுன்சில், கேம்பிரிட்ஜ், அவுஸ்திரேலியாவின் ஐ.டி.பி. ஆகிய மூன்றும் இதன் பங்காளிகள்.

மனப்பாட அச்சின் கதையும் பழையதே. சீனத்து அரச உத்தியோகப் பரீட்சையில் 'எட்டுக் கால் கட்டுரை' என ஒன்று இருந்தது. எட்டுப் பகுதிகள், இணை இணையாக அமைந்த வாக்கியங்கள் என எல்லாவற்றுக்கும் கட்டுத்திட்டம். பல நூற்றாண்டுகள் அதை உருப்போட்டே இளைஞர்கள் வயதாகிப் போயினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்கட்டுரை கைவிடப்பட்டது. 1905இல் அந்தப் பரீட்சை முறையே ஒழிக்கப்பட்டது. வடிவம் இறுகும்போது கருத்து வெளியேறிவிடும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

எமது சமூகமும் ஆங்கிலப் பரீட்சையும்

கேம்பிரிட்ஜ் பரீட்சை இங்கு வந்த அதே காலத்தில் எமது சமூகம் ஆங்கிலக் கல்விக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது. ஆங்கிலம் பெரும்பாலும் மிஷனரிப் பாடசாலைகளோடு வந்தமையால் மார்க்கம் போய்விடுமோ என்ற அச்சம். அந்த அச்சத்தைப் பழித்துவிட்டுப் போவது இலகு; காரணமில்லாத அச்சமல்ல அது. அறிஞர் சித்திலெப்பை அதைப் பழிக்கவில்லை. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, ஆங்கிலமும் வேண்டும், அரபும் வேண்டும், தமிழும் வேண்டும் என்று வாதிட்டார். அடுத்த ஆண்டு நாடு கடத்தப்பட்டு இங்கு வந்த எகிப்தியத் தலைவர் ஒராபி பாஷாவின் ஊக்கமும் சேர்ந்தது. 1892இல் மருதானையில் அல் மத்ரஸதுஸ் ஸாஹிரா உருவானது. 1921இல் அதிபரான ரீ.பி. ஜாயாவும், 1948இல் அவருக்குப் பின் வந்த ஏ.எம்.ஏ. அஸீஸும் அதனை ஓர் அறிவு நிலையமாக வளர்த்தார்கள்.

பத்திரிகையிற் கருத்தெழுதும் பயிற்சியை எம்மவருக்குத் தந்தவருள் முன்னோடி சித்திலெப்பை. அவருக்கு எதிர்க் கருத்துடையோர் வெளியே அல்ல, தன் பள்ளிவாசல் முற்றத்திலேயே இருந்தார்கள். அவர்களுடைய அச்சத்தை விளங்கிக்கொண்டே அவர் எழுத வேண்டியிருந்தது.

பின்னர் தாய்மொழி மூலக் கல்வி வந்தது. என் போன்ற கிராமத்துப் பிள்ளை பல்கலைக்கழகம் போனது அதனால்தான்; அந்த நன்றியை மறக்க முடியாது. ஆனால் ஆங்கிலம் நம்மை விட்டு விலகிப்போன கதையும் அதனுள் இருக்கிறது. இன்று அது பயிற்சி வகுப்புகளின் கட்டணப் பட்டியலாகத் திரும்பி வந்திருக்கிறது.

நம் கையில் இருந்த கருவிகள்

மருமகனுக்கு வினாவை விளக்கும்போது எனக்கு நன்னூல் நினைவுக்கு வந்தது. பவணந்தி முனிவர் பாயிரத்தில் ஏழு வகை மதம் பேசுகிறார். மதம் என்றால் இங்கு சமயமல்ல, கொள்கை, கருத்து. பிறர் கருத்துக்கு உடன்படுவது, மறுப்பது, பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர் களைவது, தானே ஒன்றை முன்வைத்து நிலைநாட்டுவது, இருவர் முரண்பட்டு நிற்கையில் ஒரு பக்கத்தைத் துணிவது, பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுவது, எவரோடும் சேராது தன் கருத்தையே கொள்வது. நம்முடைய மத்ஹப் என்ற சொல்லும் அடிப்படையில் 'செல்லும் வழி' என்று பொருள்பட்டு, ஒருவர் கொண்ட நிலைப்பாட்டைக் குறித்ததுதான்.

"மாமா, உடன்படுகிறீரா எண்டு கேக்கிறது முதலாவது. ரெண்டு பக்கத்தையும் ஆராய்க எண்டா அஞ்சாவது" என்று மருமகன் விரல் மடித்தான். அதே பாயிரத்தில் வரும் பத்துக் குற்றங்களையும் அவன் கொப்பியில் வைத்துப் பார்த்தோம். கூறியது கூறல் இருந்தது. மற்றொன்று விரித்தல் இருந்தது. முடிவுப் பந்தி சென்று தேய்ந்து இறுதல்.

அரபு மத்ரஸாக் கிதாபுகளில் ஓதியவர்களுக்கு 'ஃபஇன் கீல', 'குல்னா' என்ற இணை தெரிந்திருக்கும். 'இவ்வாறு சொல்லப்படுமாயின், நாம் சொல்வோம்' என்பது அதன் கருத்து. எதிராளி வாய் திறக்குமுன் அவனுடைய ஆட்சேபத்தைத் தானே எழுதி விடை சொல்லும் ஒழுங்கு இது. முனாழரா என்னும் வாதக் கலைக்கு நெறிமுறைகளே வகுக்கப்பட்டிருந்தன.

இதன் உச்சம் இமாம் கஸ்ஸாலி. தத்துவவாதிகளை மறுத்து 'தஹாஃபுத்' எழுதிய அவர், 'மகாஸித்' என்ற நூலில் அவர்களுடைய கொள்கையை அவர்களே ஒப்புக்கொள்ளும்படி எடுத்துரைத்தார். அந்நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டபோது, வாசித்த மத்தியகால ஐரோப்பியர் பலர் கஸ்ஸாலியையும் அத்தத்துவவாதிகளுள் ஒருவராகவே எண்ணிவிட்டனர். எதிர்க் கருத்துக்கு அவர் செய்த நீதி அத்தகையது. அவருக்கு மறுப்பெழுதிய இப்னு ருஷ்தும் கஸ்ஸாலியின் வாசகங்களைப் பகுதி பகுதியாகத் தந்த பின்னரே விடை சொன்னார்.

இவற்றையும் 40 நிமிடப் பரீட்சையையும் ஒரே தட்டில் வைப்பதாக யாரும் எண்ண வேண்டாம். நன்னூல் நூல் செய்வோருக்குச் சொன்னது. கஸ்ஸாலி உண்மை தேடி எழுதியவர். பரீட்சகருக்கோ நம் கருத்து எதுவென்பது பொருட்டல்ல. அதனைத் தெளிவாக நிறுவினோமா என்பதே பொருட்டு. ஆனாலும் பயிற்சி ஒன்றுதான்: எதிர்ப்பக்கத்தை நேர்மையாகச் சொல், பின் உன்னுடையதைச் சொல், காரணம் காட்டு.

ஒரு தலைப்பு

கொப்பியிலிருந்த தலைப்புகளில் ஒன்று: அரச செலவில் படித்த தொழில்வல்லுநர்கள் தம் நாட்டிலேயே பணியாற்ற வேண்டும் என்கின்றனர் சிலர், விரும்பிய நாட்டுக்குச் செல்ல விட வேண்டும் என்கின்றனர் வேறு சிலர். அரச பல்கலைக்கழகத்தில் சிவில் எந்திரவியல் படித்த மருமகன், நாட்டிலேயே இருக்க வேண்டும் என்று பலமாக வாதிட்டிருந்தான்.

"இத நம்பியா எழுதின?"

"இல்ல மாமா. அந்தப் பக்கத்துக்குத்தான் பொயின்ற்ஸ் கூட வந்திச்சி."

"அப்ப நீ என்ன நினைக்கிற?"

நெடுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு தமிழில் மெல்லச் சொன்னான். "வாப்பா கடையில நிண்டு செலவழிச்சது கொஞ்சம். அரசாங்கம் தந்ததுதான் கூட. அதப் படிச்சிட்டுப் போறது கடன் வெச்சிட்டு ஓடுற மாதிரித்தான் இருக்கு. ஆனா ரெண்டு வருஷமா வேலையில்லாம வீட்டில இருந்து அந்தக் கடன எப்பிடிக் கட்டிற மாமா?"

"இதத்தான் எழுது" என்றேன்.

எழுதினான். கடன் உண்மை என்பது ஒரு பந்தி. மறித்து வைப்பதால் கடன் தீராது என்பது அடுத்த பந்தி. சொற்கள் எளிமையானவை. இணைப்புச் சொற்கள் பாதியாகக் குறைந்திருந்தன. கிளாஸ் சேர் என்ன சொல்வாரோ தெரியாது. எனக்கு அது அவனுடைய முதலாவது கட்டுரையாகப் பட்டது. ராத்தா அதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். அவன் போவது உறுதி என்பதை அன்றுதான் அவர் விளங்கிக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

அந்த வாரம் பத்தாம் ஆண்டு வகுப்பில், பாடசாலைக்குக் கைத்தொலைபேசி கொண்டுவரலாமா என்ற தலைப்பைக் கொடுத்தேன். ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "சேர், எந்தப் பக்கம் எழுதினா புள்ளி கூட?"

அவளில் பிழையில்லை. இருபது வருடங்களாக மாதிரிக் கட்டுரைகளைக் கரும்பலகையில் எழுதிப் பாடமாக்கச் சொன்னவன் நான். பரீட்சைப் பெறுபேறு நன்றாக வந்தது. அதிபரும் பெற்றோரும் பாராட்டினார்கள். பதினான்கு அச்சுக் கட்டுரைகளை மருமகனுக்குக் கற்பித்தது பயிற்சி வகுப்பு மட்டுமல்ல. அதற்கு முன்பே தமிழ்ப் பாடத்தில் நாங்கள் பழக்கிவிட்டோம்.

ஆசிரியர்கள் சிந்திக்க இரண்டு விடயங்களை முன்வைக்கிறேன். தவணைக்கு ஒரு கட்டுரையாவது மாணவர் தாம் உடன்படாத பக்கத்தை நேர்மையாக எழுதிய பின் தம் கருத்தை எழுதுவதாக அமையட்டும். மத்ரஸாக்களில் முனாழரா முறையை ஓதிய உலமாக்களை வருடத்தில் ஒரு நாளேனும் பாடசாலைக்கு அழைத்து, அம்முறையைப் பிள்ளைகளுக்குத் தமிழில் செய்துகாட்டச் சொல்வோம். பணச் செலவில்லாத காரியங்கள் இவை.

மருமகன் அடுத்த மாதம் மூன்றாம் முறை பரீட்சை எழுதுகிறான். நான் அந்த மாணவிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அவளுடைய கொப்பி என் மேசையில் இருக்கிறது. இரு பக்கமும் எழுதி வரச் சொல்லித் திருப்பிக் கொடுக்க வேண்டும்.