வன்முறையும் ஒரு போதையே

1982 மே 19 அன்று, தியாகராய நகர் பாண்டி பஜாரில் இருவர் ஒருவரையொருவர் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டனர். அவர்கள் பிரபாகரனும் உமா மகேசுவரனும். முன்பு ஒரே இயக்கத்தில் இருந்த தோழர்கள். 1990 ஜூன் 19 அன்று கோடம்பாக்கத்தில் மற்றொரு ஈழ இயக்கத் தலைவர் பத்மநாபாவும் அவருடைய தோழர்களும் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஈழத் தமிழர் பட்ட அநீதி உண்மையானது. ஆனால் அதற்காகக் கையில் எடுத்த ஆயுதம் சொந்தச் சகோதரர்மீதே திரும்பியது.

போதையும் இப்படித்தான். வலியை மறக்கத் தொடங்குவது, பின்னர் மனிதனையே ஆட்டிப்படைக்கிறது. வெள்ளை இனவெறிக் குழுக்களை விட்டு விலகிய 89 அமெரிக்கர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2017-இல் வெளிவந்தது. விலகிப் பல ஆண்டுகள் ஆன பின்பும் பழைய வெறுப்பு தங்களை அறியாமலே தலைதூக்குவதாகப் பலர் கூறினர். சிலர் அதைப் போதைப் பழக்கத்திற்கு ஒப்பிட்டனர். இதனால் குற்றத்தின் பொறுப்பு நீங்கிவிடாது. விடுபட அறிவுரை மட்டும் போதாது என்பதே இதன் பொருள்.

அடையாற்றில் உள்ள டி.டி.கே. மருத்துவமனை குடிநோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்து வருகிறது. அங்கே மருந்துடன் மனநல ஆலோசனை, குடும்பத்தாருக்கான வழிகாட்டல், தொடர் கவனிப்பு ஆகியவையும் உண்டு. தீவிரவாதத்தை விட்டு வருவோருக்கும் இவையே தேவை. நார்வே, சுவீடன், ஜெர்மனி நாடுகளில் 1997 முதல் 2000-க்குள் தொடங்கப்பட்ட 'எக்சிட்' திட்டங்கள், இத்தகைய ஆலோசனையோடு புதிய வாழ்வு தொடங்கவும் துணை செய்தன.

இலங்கையில் 2009-க்குப் பின் ஏறக்குறைய 12,000 முன்னாள் புலிகள் புனர்வாழ்வு முகாம்களில் வைக்கப்பட்டனர். தொழிற்பயிற்சி தரப்பட்டது. ஆனால் வீடு திரும்பிய பலரைக் கண்காணிப்பும் ஊராரின் சந்தேகமும் பின்தொடர்ந்தன. ஏற்றுக்கொள்ளும் சமூகம் இல்லாவிடில் விடுதலை முழுமையாகாது.

நாம் செய்யக்கூடியவை:

* நம் பிள்ளைகள் வெறுப்புப் பேச்சில் மூழ்கினால், வாதாடுவதைவிட அதன் அடியிலுள்ள அவமானத்தையும் கோபத்தையும் கேட்டறிவோம்.
* உறவைத் துண்டிக்காதிருப்போம். வேலை, விளையாட்டு, நல்ல நட்பு ஆகியவற்றுக்கு வழிகாட்டுவோம்.
* தாக்குதல் திட்டம் தெரியவந்தால் மறைக்காமல் காவல்துறையிடம் கூறுவோம்.
* திரும்பி வந்தவரைப் பழைய பெயரால் அழைக்காதிருப்போம்.

பன்னிருவருள் ஒருவரான சீமோனைத் தமிழ்த் திருவிவிலியம் 'தீவிரவாதி' என்றே குறிப்பிடுகிறது. வரி வசூலித்த மத்தேயுவோடு அவரையும் இயேசு ஒரே பந்தியில் அமர்த்தினார். நம் அன்பியக் கூட்டங்களில் அத்தகைய இடம் உண்டா?